அழுத்தம் 17தான், பிறகு எப்படி கிளாக்கோமா?

#1 மாலைவெயில்

வணக்கம். ஒரு சந்தேகம். கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் இயல்பு என்றுதான் எங்கே தேடினாலும் வருகிறது. ஆனால் 17 இருப்பவருக்கு கிளாக்கோமா என்று சொல்லி ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து எழுதுகிறார்கள். 26 இருப்பவரிடம் "இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்கிறார்கள். கண் நீர் அழுத்த நோய் என்று பெயரை வைத்துவிட்டு அழுத்தத்தைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 விழிக்கோணம்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர்தான். "கண் நீர்" என்று பிரித்து எழுதினாலும் காதில் "கண்ணீர்" என்றே விழுகிறது. அழுதால் வரும் நீருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது கண்ணுக்கு உள்ளே, கார்னியாவுக்கும் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்) லென்ஸுக்கும் நடுவே ஓடும் தெளிந்த நீர். சிலியரி பாடி என்ற வளையம் நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. அது கண்மணி (நடுவில் இருக்கும் கறுப்புத் துளை) வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிஸும் (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்) கார்னியாவும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. சுரப்பு நிற்பதே இல்லை. சல்லடை தூர்ந்துபோனால் உள்ளே அழுத்தம் ஏறும்.

ஆனால் நோய் இருக்கும் இடம் அந்த மூலை அல்ல, கண்ணின் பின்சுவர். விழித்திரையிலிருந்து சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் ஒரு வட்டத் துளை வழியாக வெளியேறி மூளைக்குப் போகின்றன. அந்தத் துளையின் குறுக்கே வலை மாதிரி ஒரு திசு உண்டு. உள்ளழுத்தம் அந்த வலையைப் பின்பக்கமாகத் தள்ளி வளைக்கும்போது, அதன் ஓட்டைகளுக்குள் போகும் இழைகள் நசுங்குகின்றன, ரத்த ஓட்டம் குறைகிறது, ஒவ்வொன்றாகச் சாகின்றன. செத்த இழை மறுபடி முளைக்காது. இந்த நரம்புச் சேதத்துக்குத்தான் கிளாக்கோமா என்று பெயர். அழுத்தம் அதன் பெரிய காரணம், இன்றைக்கு மருத்துவம் உறுதியாகக் கைவைக்க முடிகிற காரணமும் அதுதான். ஆனால் அழுத்தமே நோய் அல்ல.

21 என்பது சராசரியிலிருந்து கணக்குப் போட்டு வைத்த எல்லை. உங்கள் நரம்பு எவ்வளவு தாங்கும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. சிலருடைய நரம்பு 17-ஐயே தாங்காது. தூக்கத்தில் மூச்சடைப்பு, ஒற்றைத் தலைவலி, இரவில் ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோவது இவையெல்லாம் அப்படிப்பட்டவர்களிடம் தேடிப் பார்க்க வேண்டியவை. ரத்த அழுத்த மாத்திரையைப் படுக்கும்போது போடுகிறவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள்.

#3 சொட்டுக்கணக்கு

விழிக்கோணம் சார் சொன்னதோடு அந்த 17 எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அழுத்தமானி கண்ணுக்குள் போய் அளப்பதில்லை. கார்னியாவை வெளியிலிருந்து அழுத்தி, எவ்வளவு விசையில் அது தட்டையாகிறது என்று பார்க்கிறது. கார்னியாவின் தடிமன் பொதுவாக 540 மைக்ரான் அளவில் இருக்கும். மெல்லியதாக இருந்தால் சுலபமாகத் தட்டையாகிவிடும், உண்மையான அழுத்தத்தைவிடக் குறைத்துக் காட்டும். தடித்திருந்தால் கூட்டிக் காட்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களின் கார்னியா மெலிந்திருக்கும். பத்து வருடம் ஆகியிருந்தாலும் அளப்பவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்தாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டாலும், இமையை இறுக்கினாலும் எண் ஏறும்.

அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஆரோக்கியமான கண்ணிலேயே 3 முதல் 6 வரை ஏறி இறங்கும், கிளாக்கோமா கண்ணில் அதைவிட அதிகம். படுத்திருக்கும்போது கூடும். காலை 11 மணிக்கு உட்கார வைத்து எடுத்த ஒரே ஒரு 17-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

26 இருந்தும் மருந்து வேண்டாம் என்பதற்கும் நியாயம் உண்டு. அழுத்தம் மட்டும் கூடி, நரம்பு நன்றாக இருப்பவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. மருந்து போடாதவர்களில் 5 வருடத்தில் கிளாக்கோமா வந்தது 9.5 சதவீதம் பேருக்கு, போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு. மருந்து பாதியாகக் குறைக்கிறது என்பது உண்மை. போடாதவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு ஒன்றும் வரவில்லை என்பதும் உண்மை. அதனால் கார்னியா தடிமன், வயது, நரம்பின் தோற்றம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால் ஆறாவது மாதம் போய் நிற்க வேண்டும். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

#4 மாலைவெயில்

நன்றி. அப்படியானால் நமக்கே ஏதாவது தெரியாதா? படங்களில் நடுவில் தெளிவாகவும் சுற்றிலும் கறுப்பு வளையமாகவும் காட்டுகிறார்கள். அப்படித் தெரிய ஆரம்பித்ததும் போய்ப் பார்த்தால் போதுமா?

#5 நரம்பிழை

போதவே போதாது. அந்தப் படத்தை எல்லா விளம்பரப் பலகையிலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலானவர்களுக்குக் கறுப்பு என்று எதுவும் தெரிவதில்லை. பார்வையில் ஒரு பகுதி இல்லாமல் போகும்போது, பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. சுவர் சுவராகவே தெரியும், சாலை சாலையாகவே தெரியும். அந்தச் சாலையில் வந்துகொண்டிருக்கும் சைக்கிள் மட்டும் இருக்காது. திடீரென்று எங்கிருந்தோ முளைத்த மாதிரி பக்கத்தில் வந்து நிற்கும்.

ஒரு கண்ணில் இழந்ததை இன்னொரு கண் ஈடுகட்டுவதால் இன்னும் வருடங்கள் ஓடிவிடும். கடைசி வரி எழுத்தைப் படிக்கும் நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் போகும். அதனால் "எனக்கு 6/6 இருக்கிறது" என்பது கிளாக்கோமா இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஃபீல்டு டெஸ்டில் (ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தும் பார்வைப் பரப்புச் சோதனை) முதல் குறை பதிவாகும்போதே அந்தப் பகுதி நரம்பு இழைகளில் கால்வாசிக்கு மேல் போயிருக்கலாம்.

இழப்பு பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில் தொடங்கும், அல்லது நடுவுக்கு மேலேயோ கீழேயோ வில் மாதிரி வளைந்து பரவும். இழைகள் விழித்திரையில் அப்படி வளைந்து ஓடுவதுதான் காரணம். மேல்பாதி இழைகள் பாதிக்கப்பட்டால் கீழ்ப்பார்வை போகும். நடமாட்டத்தில் அதிகத் தொல்லை தருவது இதுதான். படி இறங்கும்போது கடைசிப் படி தெரியாது, வாசற்படியில் கால் இடறும், தரையில் கிடக்கும் செருப்பு தடுக்கும். இடறி விழுவதற்குக் காலில் பலம் இல்லை என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவை ஒட்டிய பகுதி பாதிக்கப்பட்டால் வாசிப்பில் இடிக்கும். ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கும், சொல்லின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ விடுபடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: மங்கலாகத் தெரிவது, வெளிச்சம் போதாத மாதிரி இருப்பது, வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கண் பழக நேரமாவது, சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி பிரிந்து தெரியாமல் போவது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்களிடம் இந்த வார்த்தைகள் அடிக்கடி வரும்.

பாதிக்கப்பட்டவர் வீட்டில் உடனே செய்யக்கூடியது: ஒவ்வொரு படி விளிம்பிலும் தரையிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் நிறத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை ஒட்டுங்கள், முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் கட்டாயம். நடைபாதையில் இரவு விளக்கு, கால் மட்டத்தில். அலமாரிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

#6 அகல்விளக்கு

ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எதை முதலில் பார்க்க வேண்டும்?

#7 விழிக்கோணம்

படத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது மேல் மூலையில் இருக்கும் நம்பகத்தன்மை எண்கள். நடுப்புள்ளியிலிருந்து பார்வை விலகியது 20 சதவீதத்துக்கு மேல் என்றால், அல்லது ஒளி வராதபோதே பொத்தானை அழுத்தியது 15 சதவீதத்துக்கு மேல் என்றால் அந்தத் தாளை நம்பி மருந்தை மாற்றக் கூடாது.

அடுத்து எம்.டி. என்ற எண். வயதுக்கு இருக்க வேண்டிய உணர்திறனிலிருந்து சராசரியாக எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை டெசிபலில் சொல்வது. -6 வரை ஆரம்ப நிலை, -6 முதல் -12 வரை நடுநிலை, -12-ஐத் தாண்டினால் முற்றிய நிலை என்பது பழக்கத்தில் உள்ள பாகுபாடு. கண்புரை இருந்தாலும் எம்.டி. தாழும், அதனால் குறை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் பி.எஸ்.டி. என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். புரை எல்லா இடத்தையும் ஒரே சீராக மங்கலாக்கும், பி.எஸ்.டி. அவ்வளவாக மாறாது. கிளாக்கோமா அங்கங்கே பள்ளம் பறிக்கும், பி.எஸ்.டி. உயரும்.

முதல் தாளை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனைக்குப் பழக்கம் வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முறை பலருக்குத் தேறிவிடும். இமை தொங்கினால் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பாக வரும், இமையை டேப் ஒட்டித் தூக்கி மறுபடி எடுத்தால் காணாமல் போகும். லென்ஸ் சட்டம் கண்ணிலிருந்து தள்ளி இருந்தால் ஓரத்தில் வளையமாகக் கறுப்பு விழும்.

உட்காரும்போது: பசியோடு போகாதீர்கள், தாடையும் நெற்றியும் பதியட்டும், நடு விளக்கை மட்டும் பாருங்கள், சாதாரணமாக இமைக்கலாம். பாதிக்கு மேல் ஒளிப்புள்ளிகள் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பார்க்கக்கூடிய எல்லை எது என்று தேடுவதற்காகக் கருவியே அப்படி மங்கவைக்கிறது. தெரியவில்லையே என்று பதறி அழுத்தினால் அறிக்கை வீண். களைத்தால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், சோதனை நிற்கும்.

நடுப்பார்வைக்கு அருகே குறை இருந்தால் 24-2 சோதனை போதாது. அதில் புள்ளிகள் 6 பாகை இடைவெளியில் இருக்கும், சிறு குழி நடுவில் விழுந்தால் தப்பிவிடும். 2 பாகை இடைவெளியில் சோதிக்கும் 10-2 வேண்டும் என்று கேளுங்கள்.

#8 நரம்பிழை

ஓ.சி.டி. (நரம்பு இழைப் படலத்தின் தடிமனை ஒளியால் அளக்கும் ஸ்கேன்) தாளுக்கும் இதே எச்சரிக்கை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்பவை அந்தக் கருவியின் தரவில் உள்ள ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்ட நிறங்கள், அவ்வளவுதான். கிட்டப்பார்வை -6-க்கு மேல் இருப்பவருக்கு நரம்பு நன்றாக இருந்தும் சிவப்பு வரலாம். தடித்த நரம்போடு பிறந்தவர் கணிசமாக இழந்த பிறகும் பச்சையிலேயே நிற்பார். ஒரு தாளைவிட அதே கருவியில் வருடா வருடம் எடுத்த நான்கு தாள்கள் ஆயிரம் மடங்கு பேசும். பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

முற்றிய நிலையில் தடிமன் 50, 55 மைக்ரானுக்கு வந்ததும் அதற்குக் கீழே இறங்காது, மிச்சமிருப்பது நரம்பு அல்லாத திசு. "ஓ.சி.டி. மாறவே இல்லை" என்று அப்போது நிம்மதி அடையக் கூடாது. அங்கிருந்து ஃபீல்டு டெஸ்ட்தான் வழி.

#9 தெற்குச்சாளரம்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். முற்றட்டும், பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறாரே பெரியவர் ஒருவர். அது சரியா?

#10 சொட்டுக்கணக்கு

அது கண்புரைக்கு உள்ள கணக்கு. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் மருந்து, லேசர், ஆபரேஷன் எதுவானாலும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே. போனது போனதுதான். பெரியவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஐயா.

#11 அகல்விளக்கு

சொட்டு போடும் முறை பற்றி யாராவது விரிவாக எழுதினால் நல்லது. பாதி கன்னத்தில் வழிகிறது.

#12 சொட்டுக்கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளவு ஒரு சொட்டு, அதற்கு மேல் கண்ணில் இடமில்லை. ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர், கீழிமைப் பை தாங்குவது அதிகபட்சம் 30. கொஞ்சம் வழியத்தான் செய்யும். "நிச்சயமாக விழட்டும்" என்று இரண்டு விட்டால் இரண்டாவது முதலாவதையும் கழுவிக்கொண்டு போகும்.

கை கழுவுங்கள். தலையை நன்றாகச் சாயுங்கள், கை நடுங்குபவர்கள் மல்லாந்து படுத்துக்கொள்ளலாம். கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பை மாதிரி செய்யுங்கள். புட்டியைப் பிடித்த கையை நெற்றியிலோ இமையை இழுக்கும் கையின் மேலோ ஊன்றிக்கொண்டால் குறி தவறாது. மேலே கூரையைப் பார்த்து ஒரு சொட்டு. முனை இமையிலோ இமை முடியிலோ படக் கூடாது, பட்டால் புட்டிக்குள் கிருமி போகும். பிறகு கண்ணை மென்மையாக மூடுங்கள். இமைத்து இமைத்துப் பிசைந்தால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு ஓடிவிடும். மூக்கை ஒட்டிய கண் மூலையில் விரல் நுனியால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தொண்டையில் கசப்பு வருகிறது என்றால் இந்த அழுத்தம் சரியாக இல்லை என்று பொருள்.

இரண்டு மருந்துகள் என்றால் நடுவே 5 நிமிடமாவது விடுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிடம் கழித்து மாட்டுங்கள். லடானோபிராஸ்ட் என்ற அழுத்தம் குறைக்கும் சொட்டின் பிரிக்காத புட்டி குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரி வரை வெளியே வைக்கலாம், 6 வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள்.

புட்டியை வைத்தே ஒரு தணிக்கை செய்யலாம். 2.5 மில்லி புட்டியில் ஏறக்குறைய 80 சொட்டு. இரு கண்ணுக்கும் இரவு ஒரு வேளை என்றால் நாளுக்கு இரண்டு, ஆக 40 நாள். கைதவறுவதைக் கழித்தால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட வரும். இரண்டு மாதம் வருகிறதென்றால் வேளை தவறுகிறது. பதினைந்து நாளில் தீர்கிறதென்றால் போடும் முறையில் கோளாறு. மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்தால் பலருக்குக் கூடுதல் மருந்தே தேவைப்படாது.

#13 நரம்பிழை

பக்க விளைவுகளைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். லடானோபிராஸ்ட் வகையில் கண் சிவக்கும், இமை முடி நீளும், ஐரிஸ் நிறம் கருக்கும், நாளாவட்டத்தில் கண் உள்வாங்கின மாதிரி தெரியலாம். டிமோலால் சொட்டு தொல்லை தருவது கண்ணில் குறைவு, உடம்பில் அதிகம். ஆஸ்துமா இருப்பவருக்கும் நாடித்துடிப்பு மிகவும் குறைவானவருக்கும் அது ஆகவே ஆகாது. கண்ணில் விடுகிற மருந்துதானே என்று பொது மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. பிரிமோனிடின் சொட்டு வாய் உலர்த்தும், தூக்கம் வரவைக்கும், பல மாதம் ஒத்துப்போய்விட்டுத் திடீரென்று ஒவ்வாமையாகக் கண்ணைச் சிவக்கவைக்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதை விடவே கூடாது, மூச்சும் துடிப்பும் தாழ்ந்துபோகும். அசெட்டசோலமைடு மாத்திரையில் விரல் நுனி குறுகுறுப்பது வழக்கம். சிறுநீரகக் கல், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

எரிச்சல் தாங்கவில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்புப் பொருள் கலக்காத சொட்டுகள் இருக்கின்றன, கேட்டால் மாற்றித் தருவார்கள்.

#14 தெற்குச்சாளரம்

இவ்வளவு தொல்லைக்கு முதலிலேயே லேசர் செய்துகொள்ளலாமே? எல்லோருக்கும் அதுதான் நல்லது என்று படித்தேன்.

#15 விழிக்கோணம்

எல்லோருக்கும் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். எஸ்.எல்.டி. என்ற லேசர் அந்த வடிகால் சல்லடை மேல் விடப்படுவது. மூலை திறந்திருந்தால்தான் சல்லடையே கண்ணுக்குத் தெரியும். 2019-இல் வெளியான லைட் ஆய்வில், திறந்த கோண நோய்க்கு (அந்த மூலை திறந்தே இருக்கும் வகை) லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் 3 வருடம் சொட்டு இல்லாமலே இருந்தார்கள். ஆரம்ப நிலையில் கேட்டுப் பார்க்க வேண்டிய வழிதான். ஆனால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், நாளடைவில் தேயும், மறுபடி செய்ய வேண்டிவரும். லேசர் செய்தாயிற்று, இனி வர வேண்டியதில்லை என்று நினைத்துக் காணாமல் போகிறவர்கள்தான் கடைசியில் இழக்கிறார்கள்.

டிராபிகுலெக்டமி என்ற ஆபரேஷனில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் புது வடிகால் திறந்து, மேல் இமைக்கடியில் நீர் தேங்கும் சிறு கொப்புளம் உண்டாக்குவார்கள். முதல் சில வாரங்கள்தான் கத்தியைவிட முக்கியம். ஆறாத புண் வேண்டும் என்று மருத்துவர் பாடுபடும் ஒரே ஆபரேஷன் இதுவாகத்தான் இருக்கும், தழும்பு ஏறினால் வடிகால் அடைத்துவிடும். அது செய்துகொண்டவர் எத்தனை வருடம் ஆனாலும் கண் சிவந்து, பீளை தள்ளி, வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். கொப்புளம் வழியாகக் கிருமி உள்ளே போனால் ஓரிரு நாளில் கண்ணே போய்விடும்.

#16 நரம்பிழை

மூலை மூடிக்கொள்ளும் வகையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. திடீரென்று மூடிக்கொண்டால் வலிக்கும். ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி, அந்தப் பக்கம் தலைவலி, குமட்டல், வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். அழுத்தம் 40, 50-க்கு மேல் போயிருக்கும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும் தலைவலியைப் பார்த்து மைக்ரேன் என்றும் மருந்து கொடுத்து நேரத்தை விடுவார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கண்மணி பாதி விரிந்த நிலையில் சுருங்காமல் நின்றால், கார்னியா ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தூரப்பார்வைக்குக் கனத்த பிளஸ் கண்ணாடி போடுபவர்கள், வயதான பெண்கள், கிழக்காசிய மரபினர் இவர்களுக்கு வாய்ப்பு அதிகம், சின்னக் கண்ணில் மூலை குறுகலாக இருக்கும். கண்மணியை விரிக்கும் மருந்துகள், சில சளி மருந்துகள் இதைத் தூண்டலாம். மருந்துச் சீட்டில் கிளாக்கோமா உள்ளவர் தவிர்க்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இந்த வகையை நினைத்துத்தான். அதனால் உங்கள் வகை எது என்று தெரிந்துவைத்திருங்கள். கோனியோஸ்கோபி என்று ஆடி வைத்த லென்ஸைக் கண் மேல் பதித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

#17 மாலைவெயில்

சிரசாசனம், உடற்பயிற்சி, தண்ணீர் இதெல்லாம்?

#18 விழிக்கோணம்

வேகமான நடை நல்லது. தலைகீழாக நிற்பது வேண்டாம், அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ஒரே மூச்சில் ஒரு லிட்டர் மட்டும் வேண்டாம். இறுக்கமான நீச்சல் கண்ணாடியைத் தளர்த்துங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஸ்டீராய்டு. அரிப்புக்கு எழுதிக் கொடுத்த சொட்டைச் சீட்டு இல்லாமல் மறுபடி மறுபடி வாங்கிப் போடுவது. சில வாரம் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஏறும், சிலருக்கு மிக அதிகமாக. அரிப்பு போய்விடுவதால் மருந்து அருமையாக வேலை செய்கிறது என்றே தோன்றும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இதில் பார்வை இழப்பது முற்றிலும் தடுக்கக்கூடியது, அதனால்தான் மனசு ஆறவில்லை. புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கைக்குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நீர் வழிந்துகொண்டே இருந்து, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ இருந்தால் "பெரிய கண், அழகு" என்று விட்டுவிடாதீர்கள். பிறவிக் கிளாக்கோமாவாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன்தான் முதல் வழி, அதையும் நாள் கடத்தாமல் செய்ய வேண்டும்.

#19 அகல்விளக்கு

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்கள் என்ன கேட்டுப் பார்க்க வேண்டும்?

#20 சொட்டுக்கணக்கு

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்குப் பல மடங்கு வாய்ப்பு அதிகம், முக்கியமாக உடன்பிறந்தோருக்கு. "கண் செக்கப்" என்று மட்டும் கேட்டால் கண்ணாடி எண் பார்த்து அனுப்பிவிடலாம். இப்படிக் கேளுங்கள்: இரு கண்ணிலும் அழுத்தம், கார்னியா தடிமன், கோனியோஸ்கோபி, கண்மணியை விரித்து நரம்பின் குழி அளவு. குழி விகிதம் (நரம்பு முகப்பின் அகலத்தில் குழி பிடிக்கும் பங்கு) 0.3, 0.4 என்பது பரவலாக இருப்பது. 0.7 என்றாலோ, இரு கண்ணுக்கும் நடுவே 0.2-க்கு மேல் வித்தியாசம் என்றாலோ ஃபீல்டு டெஸ்டும் ஓ.சி.டி.யும் எடுக்க வேண்டும். கோனியோஸ்கோபி, கண்மணியை விரிப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். மூலை குறுகலாக இருப்பவருக்கு விரித்த பிறகு தெரிந்து பயனில்லை. விரித்தபின் சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.